கால் எழுந்துவிடும், மனம் எழ வேண்டாமா?

(பூன் லேயில் நடந்த நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "படியுங்கள், முன்னேறுங்கள்" என்று சொல்வது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். முழங்கால் நார் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மறுபடி எப்படி எழுந்து நடக்கிறார்? காலால் மட்டுமல்ல, மனத்தால் எப்படி எழுகிறார்? இதுதான் இன்று என் பேச்சு.

இதென்ன, பரிசு கொடுக்கிற மேடையில் முழங்கால் பேச்சு என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம பூன் லே வட்டாரம் காலை நம்பிப் பிழைக்கிற வட்டாரம். 1961இல் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் வேலை தொடங்கிய நாள் முதல், இங்குள்ளவர்கள் ஏணியில் ஏறியும், கப்பல் தளத்தில் நின்றும், லாரியிலிருந்து இறங்கியும்தான் குடும்பம் நடத்தி வந்திருக்கிறார்கள். மாலையானால் அவர்கள் பிள்ளைகள் புளோக்குக்குக் கீழே பந்து உதைக்கிறார்கள். முழங்கால் போனால் ஒரு வீட்டில் சம்பளம் நிற்கும். இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளையின் ஆசை நிற்கும்.

நான் மருத்துவன் அல்லன். கப்பல் பட்டறையில் பல ஆண்டு வேலை பார்த்தவன். வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டுப் பழக்குகிறவன். என் வலது முழங்காலிலும் இந்த அறுவை நடந்திருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி படித்தது, பாதி பட்டது.

நார் என்பது என்ன?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலில் கட்டிப் பிடித்திருப்பவை நார்கள். டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள். மூட்டின் உள்ளே இரண்டு நார்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகின்றன. முன்னால் இருப்பதைத்தான் 'ஏசிஎல்' என்கிறார்கள். ஓடுகிறவன் சட்டென்று திரும்பினாலும், உயரத்திலிருந்து குதித்துக் கால் கோணலாக ஊன்றினாலும் அது அறுந்து போகக்கூடும். பல சமயம் 'டப்' என்று ஒரு சத்தம்கூடக் கேட்கும். யாரும் மோத வேண்டும் என்பதில்லை.

அறுந்த நாரை அப்படியே தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை. அதனால் தொடையின் பின்புறத்திலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழேயிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது நாராகப் பொருத்துகிறார்கள்.

இது விளையாட்டு வீரர்களுக்கான வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், அறுந்த குறுக்கு நார்களைத் தைத்துச் சரிசெய்தார். வரலாற்றில் முதன்முதல் நடந்த இவ்வகை அறுவை என்று அதைத்தான் சொல்கிறார்கள். படுத்திருந்த நோயாளி யார் தெரியுமா? 41 வயதான நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர்! அவர் மறுபடி வேலைக்குப் போனதை 1903இல் அந்த மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தோழர்களே, இந்த வைத்தியத்தின் கதை உங்களைப் போன்ற ஓர் உழைப்பாளியின் காலில்தான் தொடங்கியது.

கால் ஆறியது, ஆள் வரவில்லை

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன். கணக்கில் பரிசு வாங்கிய பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 48 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். இந்த அறுவை செய்துகொண்ட 5,770 பேரின் விவரம் அதில் இருந்தது. சோதித்துப் பார்த்ததில் 100க்கு 90 பேரின் முழங்கால் நல்ல நிலைக்கோ, ஏறத்தாழ நல்ல நிலைக்கோ வந்திருந்தது. ஆனால் முன்பு ஆடிய அளவுக்குத் திரும்பியவர்கள் 100க்கு 63 பேர். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 44 பேர்தான். 2014இல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த எண்கள் 65, 55 என்று சற்று உயர்ந்தன. அப்போதும் இடைவெளி மறையவில்லை.

கால் சரியாகிவிட்டது, ஆள் ஏன் வரவில்லை? வராதவர்களிடம் கேட்டபோது மற்றக் காரணங்களைவிட அதிகமாகச் சொல்லப்பட்டது ஒன்று: "மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம்."

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. முழங்காலில் நீர் கட்டி வீங்கியதும், தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை உடம்பே குறைத்துவிடுகிறது. நீங்கள் 'இறுக்கு' என்று சொல்வீர்கள், தொடை கேட்காது. சில வாரத்திலேயே தொடை மெலிந்துவிடும். மெலிந்த தொடை உடம்பைத் தாங்காது. கால் நழுவுவது போலிருக்கும். அதனால் பயம் வரும். பயந்தவன் அந்தக் காலை ஊன்ற மாட்டான். ஊன்றாத கால் இன்னும் மெலியும். பயம் இன்னும் வளரும். செக்குமாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஓரிடத்தில் இதை நிறுத்தினால்தான் ஆள் வெளியே வருவான்.

அந்த இடம் எது? மிகச் சின்ன இடம். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை அழுத்துவது. பிசியோதெரபியில் ஆரம்பப் பாடமே அநேகமாக அதுதான். பார்க்கிறவர்களுக்கு, "இதற்கா ஆஸ்பத்திரி?" என்று தோன்றும். செய்கிறவனுக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் என்றைக்குத் தொடை ஒரு முறை துடித்துக் கொடுக்கிறதோ, அன்றைக்கு மனத்திலும் ஏதோ ஒன்று துடித்துக் கொடுக்கும். இதை நான் என் படுக்கையிலேயே கண்டேன்.

ஆனால் அவசரமும் ஆகாது. புதிதாக வைத்த நார் முதல் நாளைவிட, இரண்டு மூன்று மாதம் ஆகும்போதுதான் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் வலி குறைந்து, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்ற எண்ணமும் வரும்! நார்வேயிலிருந்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது: ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆகவே மனத்துக்கு இரண்டு வேலை: பயப்படுகிற நாளில் தள்ளிவிட வேண்டும், துள்ளுகிற நாளில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அறுவையே வேண்டாத கால்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மறு பிரிவில் இருந்த 59 பேருக்கு முதலில் பயிற்சி. தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் அந்த 59 பேரில் 23 பேர்தான் அறுவைக்குப் போனார்கள். இரு பிரிவினரின் முழங்கால் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை. எது உங்களுக்கு ஏற்றது என்று டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மூன்று பேர் கதை

கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ரிஷப் பந்தைத் தெரியும். 2022 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலை, டில்லியிலிருந்து தம் ஊரான ரூர்க்கிக்கு ஓட்டிச் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. வழியே வந்த ஹரியானா அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் ஓடி வந்து காப்பாற்றினார்கள். வலது முழங்கால் விலகி, நார்கள் அறுந்திருந்தன. 2023 ஜனவரி 6ஆம் நாள் மும்பையில் அறுவை நடந்தது. மறுபடி விளையாட 16 முதல் 18 மாதம் ஆகும் என்றார்கள்.

இரண்டு மாதம் பல்கூடத் தாமாக விளக்க முடியவில்லை என்று அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். சக்கர நாற்காலியில் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று அஞ்சி விமான நிலையத்துக்குப் போகவே தயங்கினாராம். பிள்ளைகளே, உலகத்தின் வேகப்பந்து வீச்சாளர்களைச் சிரித்துக்கொண்டே எதிர்கொண்ட ஆள்! அவரைத் தடுத்தது பந்து அன்று; பார்க்கிற கண்கள். நம்ம புளோக்கிலும் பாருங்கள். ஊன்றுகோலோடு இருப்பவர், நாலு பேர் கேள்வி கேட்பார்களே என்று மின்தூக்கி காலியாகும் வரை ஒதுங்கி நிற்பார். அது இதே பயம்தான்.

ஊன்றுகோலோடு சில அடி, பிறகு நீச்சல் குளத்துத் தண்ணீரில் நடை, பிறகு ஊன்றுகோலைத் தூர வைத்தல், பிறகு பெங்களூருவில் மாதக் கணக்கில் பயிற்சி என்று படிப்படியாக வந்தார். 2024 மார்ச் 23ஆம் நாள் ஐபிஎல் போட்டியில் மறுபடி மட்டை பிடித்தார். அன்று எடுத்தது 18 ஓட்டம்தான், அணியும் தோற்றது. சினிமாவாக இருந்தால் சதம் அடிக்க வைத்திருப்பார்கள்! சதம் வந்தது செப்டம்பர் 21ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில், பங்களாதேஷுக்கு எதிராக. விபத்துக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. எடுத்த ஓட்டம் 109. இரண்டுக்கும் நடுவே அரையாண்டு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். திரும்பி வந்த நாளும், முழுதாகத் திரும்பிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தவர் நம்ம சேலத்துக்காரர். சின்னப்பம்பட்டி டி. நடராஜன். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் ஆள். ஊரே கொண்டாடியது. ஏப்ரல் மாதம் முழங்கால் அறுவை. ஐந்து மாதம் பாடுபட்டுத் தேறி, செப்டம்பரில் களத்துக்குத் திரும்புகிற நேரம் பார்த்து கொரோனா தொற்றிக்கொண்டது! எழுந்தவன் வாசற்படியில் மறுபடி விழுந்த கதை. அவர் உட்கார்ந்துவிடவில்லை. 2022 ஐபிஎல்லில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட் எடுத்தார். பின்னர் தம் கிராமத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் அமைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது, நம் பெண் பிள்ளைகளுக்காகச் சொல்வது. திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாக்கர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்காம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டே ஏசிஎல் அறுவை. 2018 காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் தங்கம் வென்றார். ஒரே வகை ஆட்டம் ஆடினால் இந்த நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதற்காக, "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆட்டம்?" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள் தாய்மார்களே! சரியாகக் குதிக்கவும், முழங்காலை மடக்கி மெதுவாகத் தரையிறங்கவும் கற்றுக்கொடுத்தால் ஆபத்து குறையும்.

"அவர்களுக்குப் பணம் இருந்தது ஐயா!"

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "அவர்களுக்குப் பெரிய டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி. ஒன்பது மாதம் நான் உட்கார்ந்தால் ஊருக்குப் பணம் யார் அனுப்புவது?"

நியாயமான கேள்வி. மன உறுதியைப் பற்றிப் பேசிவிட்டுச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அது வெறும் பேச்சு. வயிற்றுக் கவலை இருக்கும்போது மனம் எப்படி ஆறும்? ஆகவே இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வேலையினால் ஏற்பட்ட காயமென்றால், 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கு உண்டு. எந்த நாட்டுக்காரர் என்ற பேதம் அதில் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு எம்.சி. நாட்களின் சம்பளமும், ஒரு வரம்புக்குள் சிகிச்சைச் செலவும் கிடைக்கும். டாக்டர் 'லைட் டியூட்டி' எழுதிக் கொடுத்த நாட்களும் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடி விழுந்தால் இது பொருந்தாது. வேலையிடத்தில் விழுந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று மறைக்காதீர்கள்.

நான் அறிந்த தம்பி ஒருவர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். அறுவை நடந்தது, பயிற்சியும் ஒழுங்காகச் செய்தார். டாக்டர் ஏறலாம் என்று சொன்ன பிறகும் ஏணிக்குக் கீழே போய் நிற்பார். கை கம்பியைப் பிடிக்கும், கால் எழாது. சிலர் கேலி பேசினார்கள். வயதான சக தொழிலாளி ஒருவர் மட்டும் பக்கத்தில் போய், "தம்பி, ஒரு படி ஏறு, இறங்கு. போதும். நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார். மறுநாள் இரண்டு படி. அந்த வாரம் அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் அந்தத் தம்பி மேலே போய்விட்டார். அந்தப் பெரியவர் மனோதத்துவம் படித்தவர் அல்லர். ஆனால் பயத்தை விரட்டும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது: பயப்படும் காரியத்தைச் சின்னத் துண்டாக நறுக்கி, பக்கத்தில் ஓர் ஆள் நின்று, நாள்தோறும் செய்ய வைப்பது. படித்த நிபுணர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

யார் என்ன செய்யலாம்?

முதலில் காயம்பட்டவருக்கு. தூரத்தைப் பார்க்காதீர்கள், இந்த வாரத்தைப் பாருங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், இன்று முழங்கால் எவ்வளவு மடங்கியது, எத்தனை படி ஏறினேன் என்று எழுதி வையுங்கள். மனம் சோர்ந்த நாளில், 'ஒன்றுமே முன்னேறவில்லை' என்று தோன்றும். அப்போது நோட்டைத் திறந்தால் போன மாதம் எங்கே இருந்தீர்கள் என்று அது சொல்லும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது புண்பட்ட கால் முதலில். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் நாட்கள் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் காயத்தில் ஒரு பகுதியே.

வீட்டில் இருப்பவர்களுக்கு. "இன்னுமா சரியாகவில்லை?" என்று கேட்காதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையன் ஆறு மாதத்தில் ஓடினான்" என்று ஒப்பிடாதீர்கள். ஆளுக்கு ஆள் கால் வேறு. எல்லா வேலையையும் நீங்களே செய்து கொடுத்து அவரைக் குழந்தையாக்கியும் விடாதீர்கள். உட்கார்ந்தபடி காய் நறுக்கட்டும், துணி மடிக்கட்டும். தன்னால் இந்த வீட்டுக்குப் பயன் உண்டு என்ற நினைப்புக்கு ஈடான மருந்து வேறெதுவும் எனக்குத் தெரியாது.

கூட்டாளிகளுக்கு. ஆட்டத்தில் சேர முடியாதவரை மைதானத்துக்கே வர வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டக் கணக்கு எழுதட்டும், விசில் ஊதட்டும். குழுவிலிருந்து பெயர் போய்விட்டால் பாதி மனம் போய்விடும்.

வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்து, அவற்றை அடுத்துத்தான் இடுக்கண் அழியாமை என்ற 63ஆம் அதிகாரத்தை வைக்கிறார். உற்சாகம், சோம்பலின்மை, விடாமுயற்சி எல்லாம் இருந்தும் துன்பம் வரும் என்று அந்த வரிசை சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். நன்றாக உழைத்தவன் விழ மாட்டான் என்று அந்த நல்லாசிரியர் நமக்குப் பொய் ஆறுதல் சொல்லவில்லை. விழுந்த பிறகும் படிக்க ஒரு பாடம் வைத்திருக்கிறார்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் போன ஆண்டு தேறாத பாடத்தில் இந்த ஆண்டு ஐந்து மதிப்பெண் கூட எடுத்திருப்பீர்கள். அதற்குக் கோப்பை இல்லை. சுருட்டிய துண்டை அழுத்திக்கொண்டு தனியாகப் படுத்திருப்பவனுக்கும் கைத்தட்டல் இல்லை. ஆனால் நடை அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் புளோக்கில் ஊன்றுகோலோடு ஓர் அண்ணனையோ, அக்காவையோ நாளைக்குப் பார்த்தால், என்ன ஆச்சு, எப்போ சரியாகும் என்று துளைக்காதீர்கள். மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணே, மெதுவா வாங்க, நேரம் இருக்கு" என்று சொல்லுங்கள். அது போதும்.